வடத்தின் முன்முனையில் அக்கா

அக்டோபர் மாத வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.40. கோத்தன்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரம் ஓடிய பேருந்து என்னை மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பியது. சுவீடனின் மேற்குக் கடலோரச் சிற்றூர் கிரோசுண்ட்: நாற்பத்தோரு வீடுகள், ஒரு கடை. இளஞ்சிவப்புப் பாறைகள் வழவழத்துக் கடலுக்குள் இறங்க, அவற்றின்மேல் செந்நிறப் படகுக் கொட்டகைகள் நின்றன. காற்றுக்கு வளையாத மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நான் சுற்றுலாவுக்கு வரவில்லை. நியூஜெர்சித் தமிழ்ப் பேச்சுப்போட்டிகளில் ஏழு கோப்பைகள் வென்ற என்னை, அங்குள்ள எங்கள் ஊரான பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து அம்மா ஒரே பொறுப்போடு அனுப்பியிருந்தார். கடல் ஆய்வு நிலைய வேலைக்கென வந்து மூன்றாண்டுகளாக இங்கேயே தங்கிவிட்ட அக்கா அனுவைப் பேசியே திருப்பி அழைத்து வர வேண்டும். இருள், குளிர், தனிமை என மூன்று வாதங்கள் என் குறிப்பேட்டில் அணிவகுத்திருந்தன.

"ஸ்பீச் ரெடியா?" என்றபடி அக்கா என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். "நீ ஆரம்பிச்சா நான் குறுக்க பேசக் கூடாதாம். அம்மா ஆர்டர்."

"அப்போ கேளு."

"நாளைக்கு. காலைல வேலை இருக்கு, உனக்கும்தான். க்ளவுஸ் வாங்கி வச்சிருக்கேன்."

சனிக்கிழமை, காலை 9.00. ஊரார் நீந்த இறங்கும் மரமிதவையைக் குளிர்காலப் புயலுக்குமுன் கரையேற்றும் நாள் அது. வீட்டுக்கு ஒருவராவது வந்தாக வேண்டும். மிதவையை இழுக்கும் வடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

10.15. காபி இடைவேளை. கடையில் முப்பத்தைந்து குரோனா விற்கும் ஏலக்காய் பன்னை யாரோ வீட்டிலேயே சுட்டு வந்திருந்தார். படகு மெக்கானிக் லார்ஸ், "நீ எதற்காக வந்திருக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பேச ஓர் அவை கிடைத்துவிட்டது! எழுந்தேன். ஆறு நிமிடம் ஆங்கிலத்தில் முழங்கி, "என் அக்காவுக்கு இங்கே யார் இருக்கிறார்?" என்று முடித்தேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுப்பில்லாத அவையை வென்ற அவையாகக் கொள்வது எங்கள் வழக்கம்.

லார்ஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "முடிந்ததா? நல்லது. அனு, காற்று திரும்புகிறது."

அக்கா வடத்தின் முன்முனைக்குப் போனாள். பள்ளி மேடையில் இரண்டு வரி சொல்ல முடியாமல் அழுது இறங்கியவள் அவள்.

"எட்... த்வோ... நூ!"

ஒன்று, இரண்டு, இப்போது. நாற்பது பேருக்கு மேல் ஒரே உடலாகப் பின்சாய்ந்தார்கள். மிதவை ஒரு முழம் ஏறியது. என் ஆறு நிமிடம் ஒரு காபிக் கோப்பையைக்கூட அசைத்திருக்கவில்லை. கையுறைகூட மாட்டாமல் ஓடிப்போய் வடத்தைப் பற்றினேன்.

"அங்க இல்லடி, அது லார்ஸ் வீட்டு இடம். என் பின்னாடி வா."

"உன்னை யாரு கவுண்ட் பண்ணச் சொன்னது?"

"முதல் வருஷம் ஆளாளுக்கு ஒரு நேரத்துல இழுத்தாங்க. கடுப்புல கத்திட்டேன். அதுலேர்ந்து நான்தான்."

ஞாயிற்றுக்கிழமை, காலை 11.05. பேருந்து வந்து நின்றது.

"அம்மாகிட்ட என்ன சொல்லப் போற? தோத்துட்டேன்னு சொல்லிடாத, உன் இமேஜ் போயிடும்."

"அதை என்கிட்ட விடு."

பேருந்தில் உட்கார்ந்து, வடம் உரசி எரியும் உள்ளங்கையோடு பேனாவைப் பிடித்து, குறிப்பேட்டின் மூன்று வாதங்களையும் அடித்தேன். பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் குடியேறிப் பதினோரு ஆண்டுகள். எதிர்வீட்டுக் கதவை ஒருமுறையும் தட்டியதில்லை. புதிய பக்கத்தில் அதையே முதல் வாதமாக எழுதினேன். அடுத்த அவை எங்கள் வீட்டுச் சமையலறை. அங்கே எதிரணியும் அம்மா, நடுவரும் அம்மா. பேசியே தீருவேன், இம்முறை அக்காவின் அணியில்.