இன்டர்மீடியட் வகுப்பில் என்னைத் திருத்தியவர்கள்

தொண்டை வற்றப் பேசிவிட்டு, "சந்தேகம் உண்டா?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்காத தொழில் எங்களுடையது; கல்லூரியில் பாடம் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளில் பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் நான் இன்டர்மீடியட் மாணவர்களுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன்.

எந்த ஊர்க்காரர்?

சேர்ந்த முதல் வாரம். ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது ஏன் திசை மாறுகிறது, அதாவது 'ரிஃப்ராக்‌ஷன்' என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் விளாசினேன். கல்பாத்தி வீட்டில் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த ஆங்கிலம். வகுப்பே தலையாட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மணி அடித்ததும் முதலமடைப் பழனிசாமி மட்டும் தயங்கி நின்றான். மாந்தோப்புக்காரர் மகன்; பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவன். "ஏனுங்க சார், எல்லாம் நல்லாச் சொன்னீங்க. அந்த ரிஃப்ராக்‌ஷன்ங்கறவரு எந்த ஊருங்க?"

மறுநாள் ஒரு டம்ளர் தண்ணீரும் பென்சிலுமாக வகுப்புக்குப் போய், தமிழில் ஆரம்பித்தேன்.

ராவுத்தர் வந்தார்

வகுப்பில் இரண்டே பெண்கள். அதில் ஒருத்தி ஜுலைகா, ஜவுளிக்கடை ராவுத்தரின் மகள். ஒளிச் சோதனைக்காகப் பையன்களோடு இருட்டறையில் நிற்கிறாள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட, படிப்பை நிறுத்த அவரே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். வாதாடினால் காரியம் கெடும் என்று பட்டது. "ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், பிறகு கூட்டிப் போங்கள்" என்றேன்.

ஜுலைகா லென்ஸை நகர்த்தி, ஜன்னலின் தலைகீழ் பிம்பத்தைக் காகிதத்தில் விழவைத்தாள். லென்ஸுக்கும் காகிதத்துக்கும் உள்ள தூரத்தை நான் அளவுகோலில் பார்த்துப் பதினைந்தரை சென்டிமீட்டர் என்றேன். அவள் மெதுவாக, "பதினாலரை சார்" என்றாள். குனிந்து பார்த்தேன். பதினாலரைதான். ஒப்புக்கொண்டேன்.

ராவுத்தர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "தப்பு உங்க மேலதானா, சார்? அப்ப இவ படிக்கட்டும்."

நாலு பக்கக் கடிதம்

மாசாணம் தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்தவன். அம்மா கொழுந்து பறிப்பவர். கணக்கில் புலி. அரைப்பரீட்சையில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்றான். லீவுக்குப் போனவன் திரும்பவில்லை. எஸ்டேட் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு பக்கம் உருக்கமாக எழுதிப் போட்டேன். பதிலே இல்லை.

தமிழ்த்துறையில் இருந்த நண்பரிடம் புலம்பினேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "அவன் தோத்ததே இங்கிலீஷ்ல. அவனுக்கு இங்கிலீஷ்லயா லெட்டர் எழுதினேள்?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. அன்றே ஒரு கார்டு வாங்கி, 'உன் இடம் காலியாக இருக்கிறது. தினம் சாயங்காலம் என் வீட்டுக்கு வா, ஆங்கிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று தமிழில் எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமை தகரப்பெட்டியோடு வாசலில் நின்றான். முதல் கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன். "கெடச்சிது சார். என்னைய நீக்கிட்டாங்கன்னு நெனச்சு மடிச்சு வச்சுட்டேன். கார்டை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். அவங்கதான் பெட்டியத் தூக்கி பஸ்ல வச்சாங்க."

எங்கள் உத்தியோகத்தில் பாடம் நடத்த ஒருவாறு பிடிபடுகிற வயதில்தான் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.