அரிசி டின்னுக்குள் புத்தர்

பாமியானில் மலையைக் குடைந்து செதுக்கிய புத்தர்களை மதவெறியர்கள் வெடிவைத்துத் தகர்த்த செய்தி டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. ஃப்ரீமான்ட் நகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ரஹீம் ஆப்கானிஸ்தான்காரர். அந்தச் சனிக்கிழமை அவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு.

வாசல் மணி அடித்த பிறகுதான் ஷோகேஸில் இருந்த பித்தளைப் புத்தர் என் கண்ணில் பட்டார். தினமும் என்னோடு கார்பூலில் வந்து, என் மொக்கை ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிற புண்ணியவான் ரஹீம். அதெல்லாம் ஞாபகம் வந்தால்தானே! புத்தரைத் தூக்கிக்கொண்டு ஓடி அரிசி டின்னுக்குள் தலைகீழாகப் புதைத்தேன்.

“ஏங்க, மூளை கழண்டுபோச்சா?” என்றாள் மனைவி.

“உஷ்! மனுஷன் கோவிச்சுக்கப் போறார்.”

உள்ளே வந்த ரஹீம் நேராக ஷோகேஸ் முன்னால் போய் நின்றார்.

“போன தடவை வந்தபோது இங்கே இருந்த புத்தர் எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் உளறுவதற்குள், “டாடி புட் ஹிம் இன் த ரைஸ்!” என்று போட்டு உடைத்தாள் என் மகள்.

ரஹீம் சிரிக்கவில்லை.

“நான் பாமியான்காரன். சின்ன வயதில் பெரிய புத்தரின் தலைமேல் ஏறி நின்று எங்கள் வீட்டைத் தேடுவேன். இன்றைக்கு இவரையாவது பார்க்கலாம் என்றுதான் வந்தேன்” என்றார்.

புத்தரை எடுத்துவந்து கொடுத்தேன். காதில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

அந்த வெறியர்கள் புத்தரை யாரிடமிருந்து பறித்தார்களோ, அவரிடமிருந்தே நானும் ஒளித்திருக்கிறேன்.