ஐஸில் வைத்த கட்டைவிரல்

ஹெப்பகோடியில் எங்கள் தகரப் பட்டறையில் நான் வைத்ததுதான் சட்டம். செக்கிங் டேபிள் பக்கத்தில் நின்றபடியே ஆபரேட்டர்களை விரட்டுவேன். அன்று காலை, தகடு வெட்டும் பிரஸ்ஸை ஓட்டுகிற, நான் தம்பி என்று கூப்பிடும் ஆபரேட்டரின் வலது கட்டைவிரல் மெஷினில் துண்டாகி விழுந்தது. எல்லாரும் ஐயோ ஐயோ என்று கத்த, குனிந்து எடுத்தது நான்தான்.

ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, டிபன் பாக்ஸில் கொட்டி, அதற்குள் விரலைப் புதைத்தேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"மேடம், ஐஸ் அதுமேல படக்கூடாது. ஈரத் துணில சுத்தி, கவர்ல போட்டு, அப்புறமா ஐஸ்ல வெக்கணும்."

"நீ என்ன டாக்டரா? போய்யா, ஆட்டோவக் கூப்புடு!" என்று எரிந்து விழுந்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஓசூர் ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த விரல் இல்லாவிட்டால் அவனால் பிரஸ் ஓட்ட முடியாது. வேறு வேலையும் அவனுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பாக்ஸைத் திறந்ததும் டாக்டரின் முகம் மாறியது. விரல் வெள்ளை வெளேரென்று விறைத்துக் கிடந்தது. என்னைத் தனியாக அழைத்தார்.

"எலும்பு தாங்கும்மா, கம்பி போட்டு சேத்துடலாம். உள்ள இருக்கிற ரத்தக் குழாய்தான் தாங்காது. சில்லுன்னு இருந்தா போதும், ஒறைஞ்சா செத்துடும். ட்ரை பண்றோம்."

ஒட்டவைத்த பிறகு, நர்ஸ் அடிக்கடி வந்து விரல் நுனியில் ஊசியால் குத்திப் பார்ப்பார். சிவப்பாகத் துளி வந்தால் விரலுக்கு உயிர் இருக்கிறது. முதல் நாள் வந்தது. மாதாவே என்று அழுதேன். மறுநாள் கறுப்பாக வந்தது. மூன்றாம் நாள் எத்தனை குத்தியும் ஒன்றும் வரவில்லை. எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவனை பேக்கிங்கில் போட்டார்கள். "அக்காதான் வெரல எடுத்துக்கிட்டு ஓடியாந்தாங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் டீ டயத்தில் மனதில் இருந்ததை அவனிடம் கொட்டிவிட்டேன்.

"டேய், நான் ஐஸ்ல நேரா போட்டதாலதான்டா உன் வெரல் போச்சு. பாவி நான். மன்னிச்சுடுடா."

அவன் இடது கையால் கிளாஸைக் கீழே வைத்தான்.

"வாட்ச்மேன் சொன்னது எனக்கும் கேட்டுச்சுக்கா. அவர் சொல்றதுதான் சரின்னு பட்டுச்சு."

"அப்ப ஏன்டா வாயத் தொறக்கல?"

"உங்ககிட்ட யாருக்கா பேசுறது?" என்றான்.