இல்லாத அளவை

எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டில் மச்சாளின் எழுதுபலகை குளிர்சாதனப் பெட்டியின் கதவுதான். மச்சாள் என்றால் என் அண்ணாவின் மனைவி. வாடகைச் சுவரில் கீறினால் வீட்டுக்காரர் கத்துவார். ஆகையால் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் முடிவில்லாப் பரிமாணங்கள் கொண்ட சார்பு வெளியை அழிக்காமல் கதவைத் திறக்க வேண்டும். நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். என் முழங்கை பட்டு அழிந்த சமன்பாடுகளுக்காக வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

அப்போது மச்சாள் பல்கலைக்கழகக் கணிதத்துறையில் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தர நியமனம் துறைத்தலைவரின் கையில் இருந்தது. தலைவர் காற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, மச்சாளின் பெயரையும் சேர்த்துக்கொண்டு சம்மதம் கேட்டார். எவ்வளவு பெரிய மனசு! காற்றின் வேகம் ஒரு நாளில் ஏறி இறங்கும் கோடு எந்த வடிவத்திலும் வரலாம். அத்தனை கோடுகளுக்கும் சம எடை கொடுப்போம் என்று நடுவில் ஒரு வரி இருந்தது.

அந்த வரியில் மச்சாள் நின்றுவிட்டார். எனக்கும் விளங்கச் சொன்னார். ஓர் அறைக்கு மூன்று திசைதான். கோடுகள் வாழும் வெளியிலோ திசைகளுக்கு முடிவே இல்லை. அங்கே ஓர் உருண்டைக்குள்ளேயே ஒன்றையொன்று தொடாத, ஒரே பருமனான குட்டி உருண்டைகளை முடிவில்லாமல் அடுக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்றால், குட்டியின் எடை பூச்சியமாகி அதோடு எல்லாமே பூச்சியமாக வேண்டும், இல்லாவிட்டால் பெரியதன் எடை முடிவிலியாகும். சமமாகப் பங்கிடும் அளவை, அதாவது எடை போடும் முறை, அங்கே கிடையவே கிடையாது. கதவில் நான் அடிக்கடி கண்ட காஸியன் அளவை மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். அது திசைக்குத் திசை ஒடுங்கிக்கொண்டே போகிறது, சமம் என்று நடிப்பதில்லை என்றார்.

“ஒரு வரிதானே? சம்மதமெண்டு சொல்லிப்போட்டு வேலையை எடுமன்,” என்றார் அண்ணா.

“இல்லாத ஒண்டை இருக்குதெண்டு என்ரை பேரிலை எழுதவோ? மாட்டன்.”

தலைவர் தொலைபேசியில் வந்தார். கணினியில் விடை சரியாகத்தானே வருகிறது என்றார்.

“கணினிக்கு நீங்கள் குடுத்தது கொஞ்சத் திசை, சேர். திசையைக் கூட்டிக்கொண்டு போங்கோ, விடை கையிலை நிக்காது.”

கட்டுரை மச்சாளின் பெயரில்லாமல் வெளிவந்தது, வேலை வேறொருவருக்குப் போனது. மச்சாளுக்கு வாய்க்கொழுப்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு அந்த வாயில் அளவில்லாத பெருமை. அதை இன்றுவரை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லி வருகிறேன். மச்சாள் கொட்டாஞ்சேனையில் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கத் தொடங்கினார்.

போன மாதம் அதே தலைவர் மறுபடியும் அழைத்தார். வெளிநாட்டில் யாரோ அந்தக் கட்டுரையைப் படித்து, திசைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, விடை ஏன் கையில் நிற்காமல் ஓடுகிறது என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பழசைக் கிளறாமல் வந்து திருத்தித் தந்தால் நிரந்தர இடம் இருக்கிறதாம். மச்சாள் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். நானும் அண்ணாவும் பக்கத்தில் வந்து நின்றோம்.

“வாறன், சேர். ஆனா முதல் நாள் கருத்தரங்கிலை, எல்லாருக்கும் முன்னாலை, அந்த வரி பிழையெண்டு நீங்கள் சொல்லவேணும். அதுக்குப் பிறகுதான் நான் திருத்துவன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றார் தலைவர்.

“ஆறுதலா யோசியுங்கோ. எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு,” என்று தொலைபேசியை வைத்துவிட்டு, மச்சாள் கொட்டாஞ்சேனை பஸ்ஸைப் பிடிக்க இறங்கினார்.