நாற்பத்தொரு நாளில் காசான மிக்ஸி

ஸ்டோர் கீப்பர் வேலை என்பது, அடுத்தவர் செய்ததை எண்ணி வைத்து, அடுத்தவர் விற்காததற்குப் பதில் சொல்வது. இதைப் படிப்பவர்களில் யாராவது சரக்குப் பதிவேட்டோடு குடும்பம் நடத்துகிறவராக இருந்தால் இங்கேயே தலையை ஆட்டியிருப்பீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வரவில்லை. கிண்டி தொழிற்பேட்டையில் மிக்ஸி செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தவன். சங்கச் செயலாளராகி, மூன்று வேலைநிறுத்தமும் ஒரு முற்றுகையும் நடத்திய பிறகு, பேச்சுத் துணைக்கு அட்டைப்பெட்டிகள் மட்டுமே உள்ள இடமாகப் பார்த்து நிர்வாகம் என்னை ஸ்டோரில் போட்டது. பள்ளிப் படிப்பு பத்தாவதோடு சரி. மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தேன். உபரி மதிப்பு என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடக்கவிலை என்றால் என்ன என்று எந்த அறிக்கையும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தொண்ணூற்றாறு

ஆயுத பூஜைப் பொரி தீர்வதற்குள் ஜெனரல் மேனேஜர் சீனிவாசன் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரே ஒரு தாள். அதில் பெரிதாக 96 என்று எழுதியிருந்தது. நம் கம்பெனியில் வாங்கின தாமிரக் கம்பி மோட்டாராகி, மிக்ஸியாகி, விற்று வெளியே போவதற்குத் தொண்ணூற்றாறு நாள் ஆகிறது என்றார். கையில் நிற்கும் சரக்கின் மதிப்பை, ஒரு நாளில் விற்றுப்போகும் சரக்கின் அடக்கவிலையால் வகுத்தால் இந்த நாள் வருமாம். பேங்க் இந்த எண்ணைத்தான் பார்க்கிறதாம்.

மார்ச் முடிவுக்குள் இது அறுபதுக்குக் கீழே வராவிட்டால் வைண்டிங் பிரிவை மூடிவிட்டு மோட்டாரை வெளியே வாங்கப் போகிறோம் என்றார். வைண்டிங் பிரிவு என்றால் கம்பி சுற்றும் இருபத்துநான்கு பெண்கள். அத்தனை பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று நான் நான்கு வருஷமாக வாயிற்கூட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். சீனிவாசன் குரலை உயர்த்தவே இல்லை. தாளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “சரக்கு தூங்கினா பணம் தூங்குது, தலைவரே. யாரையாவது எழுப்பணும், இல்ல யாரையாவது அனுப்பணும்.”

சாக்பீஸும் படகுப் பெயின்ட்டும்

முற்றுகை போட்டு எண்ணைக் குறைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் ஸ்டோரை ஒழுங்குபடுத்தினேன். முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் இரண்டு தேதிகளை சாக்பீஸால் எழுதினேன். மேலே மோட்டார் வைண்டிங்கிலிருந்து வந்த நாள், கீழே பெட்டி கட்டிய நாள். மூன்றாம் நாளே பாதித் தேதிகள் லோடுமேன் எத்திராஜின் சட்டையில் இருந்தன.

எத்திராஜ் நொச்சிக்குப்பத்து ஆள். அவன் அண்ணன் படகு வைத்திருக்கிறான், அண்ணி சாலையோரம் மீன் விற்கிறாள். மறுநாள் படகுக்கு அடித்து மிஞ்சின நீலப் பெயின்ட்டை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தான். உப்புத் தண்ணியிலேயே போகாத பெயின்ட், உன் ஸ்டோரில் போய்விடுமா என்று கேட்டான். அன்று முதல் எங்கள் பெட்டிகளில் நீலத் தேதி. முதல் வரிசையில் எழுதிப் பார்த்தபோது, போன தீபாவளிக்குக் கட்டின பெட்டி ஒன்று அடியில் அகப்பட்டது. எத்திராஜ் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: “எங்கூட்டு மீனு பத்து மணிக்குள்ள காசாவணும் நைனா, இல்லாங்காட்டி கருவாடு. உன் மிக்ஸி கருவாடாவாது, அதான் வருசக்கணக்கா வச்சி அழகு பாத்துக்கினு கீறீங்க.”

வண்டி ஏறிய சரக்கு

பொங்கல் முடிந்ததும் தி.நகரில் ஒரு பாத்திரக் கடையிலிருந்து அறுபது பெட்டிகள் திரும்பி வந்தன. பண்டிகைக்கு எடுத்துப் போனவை. எங்கள் ஏட்டில் அவை விற்ற கணக்கில் இருந்தன. என் எண்ணைக் கெடுக்க வந்த பெட்டிகளைப் பார்த்ததும் எனக்குக் கோபம். மதியமே பஸ் ஏறி உஸ்மான் ரோட்டுக்குப் போய், விற்ற பொருளை எந்த நியாயத்தில் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன்.

கடைக்காரர் தென்காசிப் பக்கத்துக்காரர். எனக்கு ஸ்டூல் போட்டு, மோர் வாங்கிக் கொடுத்து, கடைக்குள் சுற்றிக்காட்டினார். எங்கள் மிக்ஸி முப்பது எண்ணம் அலமாரியில் நின்றது. அதற்கெல்லாம் இன்னும் காசு கொடுக்கவில்லையாம், விற்ற பிறகுதான் கொடுப்பாராம். அதுதான் எல்லாக் கம்பெனிக்கும் நடைமுறை என்றார். நான் மோரைக் குடித்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னதை அப்போதே நான் எழுதி வைத்திருக்க வேண்டும்: “வண்டி ஏறினா வித்தாச்சுன்னு நெனைக்காதிய அண்ணாச்சி. ஒரு வீட்டுக்காரம்மா வந்து, வெலை கேட்டு, இதக் கட்டுங்கன்னு சொன்னாத்தான் வித்தது.”

இரண்டாவது வரி

மார்ச் கடைசி வாரத்தில் அதிசயம் நடந்தது. முதலாளியின் மகன் ஆசைப்பட்டுப் போட்ட கத்தரிப்பூ நிற மிக்ஸி நாலாயிரம் பெட்டி, சீந்துவாரில்லாமல் ஸ்டோரை அடைத்துக்கொண்டு நின்றது. புது டிஸ்ட்ரிபியூட்டர் ஒருவர் மொத்தத்தையும் எடுத்தார். வேளச்சேரி முகவரி. வந்த லாரிகள் எங்கள் லாரிகள் இல்லை. அதைப் பற்றி எனக்கென்ன? கேட் பாஸ் புத்தகம் தீரும்வரை சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அன்று இரவு வீட்டில் நானே வகுத்துப் பார்த்தேன். முப்பத்துமூன்று நாள் வந்தது.

ஆண்டுக் கணக்கு பார்க்க வந்தவர் மைதிலி. மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஆபீஸ் வைத்திருக்கும் ஆடிட்டர். என் காகிதத்தைப் பார்த்து, விற்கிற விலையால் வகுத்திருக்கிறேன், அடக்கவிலையால் வகுக்க வேண்டும் என்று திருத்தினார். நாற்பத்தொன்று வந்தது. அதற்கும் நான் துள்ளிக் குதிக்கத்தான் இருந்தேன். அவர் தாளில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: விற்ற சரக்குக்குக் காசு வந்து சேர எத்தனை நாள். அது போன வருஷத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து சரக்கும் பாக்கியும் சரி என்று கடிதம் வந்திருக்கிறது, இருந்தாலும் உறுத்துகிறது என்றார். அது விற்பனைப் பிரிவின் அவமானம், ஸ்டோருக்குச் சம்பந்தமில்லை என்று நான் எழுந்தேன். மைதிலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “மொத வரிய மட்டும் எழுதிண்டு போறேளே, அதுக்குக் கீழ இருக்கறது யாருக்காம்?”

அறிக்கைக்கு நல்ல வரவேற்பு

ஏப்ரலில் துண்டறிக்கை போட்டேன். என் வாழ்நாளில் எழுதிய அறிக்கைகளில் சிறந்தது என்று இன்றும் சொல்வேன், நடையை மட்டும் பார்த்தால். தலைப்பு: ‘நாற்பத்தொரு நாளில் காசாகிறது மிக்ஸி! காப்பாற்றியது யார் கை?’ வைண்டிங் பிரிவு மூடப்படாது என்று எழுதினேன், நிரந்தரம் கேட்டேன், போனஸைக் கூட்டிக் கேட்டேன். வைண்டிங் பிரிவை நடத்தும் பிலோமினா சாந்தோமில் தன் பங்குத் தேவாலயத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் சலுகை விலைக்கு அச்சடித்துக் கொடுத்தாள்.

எந்த அறிக்கைக்கும் நிர்வாகம் என்னிடம் கூடுதல் பிரதி கேட்டதில்லை. இதற்குக் கேட்டது. பத்துப் பிரதி. எதற்கென்று அப்போது புரியவில்லை. கூலிக்காரன் எழுத்துக்கும் மரியாதை வந்துவிட்டது என்று நானே சீனிவாசன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அடையாற்றில் இருக்கும் பேங்க் கிளைக்குப் போகிற ஃபைலில், கடன் விண்ணப்பத்துக்கு அடுத்த தாளாக என் அறிக்கை கோத்திருந்ததை அங்கேதான் பார்த்தேன். சீனிவாசன் மூடி மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: “நாங்க சொன்னா சந்தேகப்படுவாங்க. யூனியனே சொல்லுதுன்னா வேற சாட்சி எதுக்கு, தலைவரே?”

கார் நிறுத்துமிடம்

நவம்பரில் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை ஸ்டோர் போன் அடித்தது. எங்கள் பெட்டிகளில் அச்சடித்திருப்பது அந்த எண்தான். வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராம், ஒரு பெண். தரமணியில் சாஃப்ட்வேர் வேலை. தரைக்கடித் தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது, உங்கள் பெட்டிகள் மிதக்கின்றன, வந்து எடுங்கள் என்றார்.

எத்திராஜின் ஸ்கூட்டரில் முழங்கால் தண்ணீரில் போய்ச் சேர்ந்தோம். விற்காத வீடுகளுக்கான கார் நிறுத்துமிடம் முழுக்க, கூரைவரை, எங்கள் பெட்டிகள். கத்தரிப்பூ. அடி வரிசைகள் ஊறிக் குழைந்து சரிந்திருந்தன. நீலத் தேதிகள் மட்டும் நேற்று எழுதியதுபோல் பளிச்சென்று இருந்தன. எத்திராஜ் வரிசை வரிசையாக எண்ணினான். நாலாயிரத்தில் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. அந்த வீடுகளைக் கட்டியவரும் எங்கள் புது டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே ஆள், எங்கள் முதலாளியின் மைத்துனர் என்பதை அந்தப் பெண்தான் சொன்னார். சரக்கு விற்றுப்போனதாகத்தான் எங்களுக்குக் கணக்கு என்று நான் இழுத்தேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு சொன்னார்: “எட்டு மாசமா என் பைக் வெயில்ல நிக்குது சார், உங்க மிக்ஸி நிழல்ல நிக்குது. வித்த பொருள் இப்படியா நிக்கும்?”

பிலோமினாவின் கேள்வி

திரும்பி வரும்போது மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இதைச் சொன்னால் நாற்பத்தொன்று உடையும், உண்மையான எண் அறுபதைத் தாண்டும், இருபத்துநான்கு பெண்களும் வெளியே போவார்கள். சொல்லாவிட்டால், நனைந்த சரக்கை விற்றதாக நம்பிக் கடன் கொடுத்த பேங்க் என்றாவது வந்து எண்ணும், அன்றைக்குக் கம்பெனியே போகும். இரண்டிலும் என் கையெழுத்து இருந்தது, கேட் பாஸில் ஒன்று, அறிக்கையில் ஒன்று. ஓய்வு பெற எனக்குப் பதினான்கு மாதம் பாக்கி.

பிலோமினாவிடம் முதலில் சொல்வதுதான் முறை என்று பட்டது. அவள் கம்பி சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டாள். நான் நிர்வாகத்தின் சதியைப் பற்றிச் சொன்னேன், பேங்கைப் பற்றிச் சொன்னேன், என் மானத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். எல்லாம் முடிந்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: பெட்டியில் மேல் தேதிக்கும் கீழ்த் தேதிக்கும் எத்தனை நாள்? நான் பார்க்கவில்லை. எழுதியவனே நான்தான், பார்க்கவில்லை. எத்திராஜ் செல்போனில் எடுத்த படங்களை வைத்து அங்கேயே எண்ணினோம். எதிலும் ஒன்பது நாளுக்கு மேல் இல்லை. கம்பி வந்து மோட்டாராகும் நாளையும் என் பதிவேட்டில் பார்த்தோம், அது ஆறு. ஆக, அவர்கள் கையில் சரக்கு தூங்கவே இல்லை. கட்டி முடித்த பிறகு, யாரும் கேட்காத நிறத்தில்தான் தூங்கியது. பிலோமினா சுற்றிய கம்பியை நறுக்கி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்: “அப்போ பயப்பட வேண்டியது நாங்க இல்ல, தலைவரே. நீங்கதான்.”

வாபஸ்

சீனிவாசனிடம் நேரே போய்ச் சொன்னேன். கேட் பாஸில் கையெழுத்து உங்களுடையது என்று நினைவுபடுத்தினார். மறக்கவில்லை என்றேன். மைதிலியிடம் படங்களைக் கொடுத்தேன். அவர் வேளச்சேரிக்கே போய் எண்ணி, திரும்பவும் வகுத்தார். மார்ச்சுக்கு உண்மையான எண் நூற்றெட்டு. மயிலாப்பூரில் அது கோயிலைச் சுற்ற நல்ல எண், ஸ்டோருக்கு இல்லை. பேங்க் கடனைப் பாதியாக்கியது. ஆனால் வந்த அதிகாரி நீலத் தேதிகளைத் தானே பார்த்துவிட்டு, மோட்டார் பிரிவை மூடி என்ன மிச்சம், அந்தக் கலரை அல்லவா நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கத்தரிப்பூ நின்றது. வைண்டிங் பிரிவு நிற்கவில்லை. நிரந்தரம் இன்னும் வரவில்லை. அந்த வருஷ போனஸ், சட்டம் சொல்லும் குறைந்த அளவுதான். எனக்கு ஒரு மெமோ, பதில் கொடுத்துவிட்டேன்.

பிறகு வாயிற்கூட்டம் போட்டேன். இரண்டாவது துண்டறிக்கையை நானே வாசித்தேன். நான்கே வரி. ஏப்ரல் மாத அறிக்கை தவறு, எண்ணைச் சரிபார்க்காமல் எழுதியவன் நான், நிர்வாகம் செய்ததை நிர்வாகம் சொல்லட்டும், நான் செய்தது இது. போனஸ் போன கோபத்தில் முன்வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் காகிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பிலோமினா தன் பிரதியை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். கூட்டம் கலைந்த பிறகு மைக்கைக் கழற்ற எத்திராஜ் வந்தான். ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான்: “முப்பது வருசமா மைக்கப் புட்ச்சினு கத்திக்கினு கீறே. இன்னிக்குத்தான் நைனா, நடுவுல டீ குடிக்கப் போவாம முழுசா கேட்டேன்.”

நிர்வாகம் சொன்ன கெட்ட செய்தி ஒன்றைக்கூட முப்பது வருஷத்தில் நம்பாத நான், அது சொன்ன ஒரே நல்ல செய்தியை, என் கையெழுத்து அதில் இருந்ததால், எண்ணிப் பார்க்காமலே நம்பினேன்.