பெயிலானதற்கு அத்தாட்சிப் பத்திரம்

முதல் தடவை விண்ணப்பிக்கிறவர் தான் யார் என்று எழுதுகிறார். இரண்டாவது தடவை விண்ணப்பிக்கிறவர் தான் ஏன் அப்படி ஆகவில்லை என்று எழுதுகிறார். தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் இரண்டாம் வருட முடிவில் என் பதிவை நீக்கியது. அதன்பிறகு ஒரு வருடம், வேறிடத்தில் படிப்பைத் தொடர மாற்று மாணவியாகச் சேர விண்ணப்பிப்பதுதான் என் முழுநேரத் தொழில். நான் கேட்ட நான்கும் வெளிநாட்டுக் கல்லூரிகள். எடுத்தால் முழுச் செலவையும் அவர்களே ஏற்பார்கள். அதனாலேயே மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள். இதே வரிசையில் நிற்கிற உங்களுக்கு இனி நான் சொல்வது எதுவும் புதிதாக இராது. எனக்கு ஒவ்வொன்றும் அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

ஐந்து மாத ஸ்ட்ரைக்

பெட்டியோடு யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்திலுள்ள வீட்டுக்குத் திரும்பிய பிறகு, ஊர் என்ன கேட்கும் என்ற பயத்தில் இரண்டு கிழமை வேலிப் படலையைத் தாண்டவில்லை. ஊர் ஒன்றும் கேட்கவில்லை. வெங்காயத் தோட்டம் செய்கிற அப்பா சந்தையில் ஒரேயொரு வசனம் சொல்லியிருந்தார்: கம்பஸில் ஸ்ட்ரைக். விரிவுரையாளர் ஸ்ட்ரைக், ஊழியர் ஸ்ட்ரைக், மாணவர் ஸ்ட்ரைக் என்று கேட்டுப் பழகிய ஊர், ஐந்து மாதமாகியும் அதைச் சந்தேகிக்கவில்லை.

அது அப்பா ஊருக்குச் சொன்ன பொய். அப்பாவுக்கு நான் சொன்ன பொய் வேறு. சோதனை எழுதும் நேரம் டெங்குக் காய்ச்சலில் கிடந்தேன் என்று சொல்லியிருந்தேன். அவர் நம்பினார். உடம்பு தேறட்டும் என்று ஒவ்வொரு காலையும் பப்பாசி இலையை இடித்துச் சாறு தந்தார். வராத காய்ச்சலுக்கு ஒரு மாதம் குடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு மாமி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "குடுத்து வைச்ச பிள்ளை. எங்கடையள்தான் ஒரு ஸ்ட்ரைக்கும் இல்லாமல் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போய்ச் சாகுதுகள்."

முத்திரையிட்ட உறை

பெறுபேற்றுப் பத்திரத்தைப் பழைய பல்கலைக்கழகமே உறையிலிட்டு, வாயை ஒட்டி, அதன்மேல் முத்திரை குத்தித் தரவேண்டும். உறை திறக்கப்படாமல் கல்லூரிக்குப் போகவேண்டும். அதற்காக ரயிலில் போய், இரண்டு நாள் காத்திருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். வந்த களைப்பில் மேசையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

எழும்பிப் பார்த்தபோது உறை ஓரத்தில் பிளேடால் நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் பிறப்புச் சான்றிதழில் இருந்து காணி உறுதிப் பிரதி வரைக்கும் எல்லாம் லெமினேற் பண்ணிய தாள்கள்தான். முக்கியமான தாள் வெறும் தாளாக இருப்பது அப்பாவுக்குப் பொறுக்காது. கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒன்பது பாடங்களுக்கு நேரே 'சித்தியில்லை' என்று அச்சடித்த தாள் பிளாஸ்டிக்குக்குள் பளபளத்தது. இன்னொரு பிரதிக்கு இன்னொரு தடவை ரயிலேற வேண்டும். அவர் தாளை இரண்டு கையாலும் நீட்டினார்: "இனி மழை பட்டாலும் ஒரு எழுத்து அழியாது, பிள்ளை."

சேரின் பெட்டி

நெல்லியடியில் எனக்குப் பௌதிகவியல் படிப்பித்த சேர் பரிந்துரை தர ஒப்புக்கொண்டார். கல்லூரி அவருக்கு இணையத்தில் ஒரு படிவம் அனுப்பியது. அதில் மாணவரை மதிப்பிட வரிசையாகப் பெட்டிகள். உச்சியில், 'என் வாழ்நாளில் கண்ட மிகச் சிறந்தவர்களில் ஒருவர்'. அடியில், 'சராசரிக்குக் கீழ்'. நிரப்பி அனுப்பியதைச் சேர் பெருமையோடு கணினியில் காட்டினார். எல்லாக் கேள்விக்கும் அடியிலிருந்து இரண்டாவது பெட்டி. 'சராசரி'.

சேர் ஒருநாளும் யாருக்கும் எழுபதுக்கு மேல் புள்ளி போட்டவரல்ல. அது தெரிந்தும் அவரிடமே போனது என் பிழை. அனுப்பியதைத் திருப்பி எடுக்க ஏலாதா என்று மெல்லக் கேட்டேன். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "மேல் பெட்டியிலை உன்னைப் போட்டால், என்னட்டைப் படிச்சு டொக்டராய் வந்தவங்களை நான் எங்கை போடுறது?"

செல் விழுந்த இடம்

ஏன் தவறினீர்கள் என்று ஒரு கட்டுரை எழுதவேண்டும். நான் ஒரு பீரங்கிச் செல் வெடிக்கிற சத்தத்தோடு தொடங்கினேன். அதை அச்செடுக்க யாழ்ப்பாண நகரில் நஸீர் நானாவின் கொமினிகேசன் கடைக்குப் போனேன். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிற பாதிப்பேர் அங்கேதான் ஸ்கான் பண்ணுவார்கள். தாள் வெளியே வர வர அவர் வாசித்தார்.

"தங்கச்சி, சண்டை முடியேக்கை உங்களுக்கு என்ன வயசு?"

"ஏழு."

"எங்கை இருந்தனீங்கள்?"

"சுன்னாகத்திலைதான்."

"அப்ப உந்தச் செல் எங்கை விழுந்தது?"

நான் தாளுக்குக் கை நீட்டினேன். அவர் கோபிக்கவில்லை. தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி என் கையில் தந்தார். "கதை வேணுமெண்டால் என்ரையை எடுங்கோ. தொண்ணூறிலை, அஞ்சு வயசிலை, முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை இந்த ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னவங்கள். நான் அதை இன்னும் ஒரு இடத்துக்கும் அனுப்பேல்லை."

சனிக்கிழமை காலை

கட்டுரையைப் புதிதாக எழுதினேன். கடைசி நாள், அவர்களுடைய வெள்ளி நள்ளிரவு. எங்களுக்குச் சனி காலை ஒன்பதரை. அப்பா கலண்டரைப் பார்த்துவிட்டு, ஒன்பதுக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்கு முன்னர் அனுப்பிவிட வேண்டும் என்றார். எட்டரைக்கு எல்லாம் தயார். அனுப்பப் போகையில், "என்ன எழுதினனீ எண்டு தமிழிலை சொல்லு, கேப்பம்" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

சொன்னேன். டெங்கு வரவில்லை. சோதனை மண்டபத்துக்கு ஒவ்வொரு நாளும் போனேன். விடைத்தாளில் என் சுட்டெண்ணை மட்டும் எழுதி வெறும் தாளைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் படிப்பித்தது முதல் கிழமையிலிருந்தே விளங்கவில்லை. சிரிப்பார்கள் என்று இரண்டு வருடத்தில் ஒருநாளும் கையை உயர்த்திக் கேட்கவில்லை.

அப்பா எழும்பித் தோட்டத்துக்குப் போனார். நீர் இறைக்கிற மோட்டர் சத்தம் கேட்டது; நின்றது. அவர் வராமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்தபோது ஒன்பது இருபது. காலில் ஈரமண். நான் கலண்டரைப் பார்த்தேன். "அதை ஏன் பாக்கிறாய்? உன்னைக் கம்பஸுக்கு நல்ல நேரம் பாத்துத்தானே அனுப்பினனான். பட்டனை அமத்து."

நான்காவது பதில்

மூன்று கல்லூரிகள் ஒரே கிழமையில் மறுத்தன. மூன்றுக்கும் ஒரே ஆள் எழுதியது போல, இந்த வருடம் தகுதியானவர்கள் மிக அதிகமாம். நான்காவது கடிதத்தையும் அப்படித்தான் திறந்தேன். எடுத்திருந்தார்கள். முழுச் செலவும் அவர்களுடையது. நாலு தரம் வாசித்தேன். நாலாம் தரந்தான் கடைசிப் பந்தி கண்ணில் பட்டது. என் பழைய பாடங்களில் ஒன்றைக்கூட ஏற்க முடியாது. முதலாம் வருடத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

அப்பாவிடம் முதலில் அந்தப் பந்தியைத்தான் சொன்னேன், ஏனென்று தெரியவில்லை. வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "முதலாம் வருசமெண்டால் நல்லது. அங்கை ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. முதல் நாளே கையை உயத்து."

ஆக, இரண்டு வருடம் பெயிலாகி, மூன்றாம் வருடம் அதை முத்திரையோடு நிரூபித்து, தொடங்கிய இடத்துக்கே மிகக் கடுமையான போட்டியில் தெரிவாகியிருக்கிறேன்.