அத்தைக்கு ஒரு டூனா சாண்ட்விச்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்பு சரியில்லையா என்று சிலர் மெயில் அனுப்பியிருந்தீர்கள். நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடு மாறினோம்.

ஏன்? தண்ணீர்ப் பிரச்னையா? வாடகையை ஏற்றிவிட்டார்களா? அதெல்லாம் இல்லை.

ஒரு சாண்ட்விச்!

சிரிக்காதீர்கள். சிரிக்கிற விஷயம்தான் என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தேன்.

நாங்கள் இருந்தது செகந்திராபாத்தில், லாலாகுடா பக்கம், ஒரு தனி வீட்டின் கீழ் போர்ஷன். மாடியில் ஓனர். தமிழ்க் குடும்பம்தான் – வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டவர்கள். ஓனரம்மா விமலா ஆன்ட்டியின் தமிழைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் பழக வேண்டும். 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்'. 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. 'எதுக்கு' என்பதற்கு 'கைக்கு'.

வீடு பார்க்கப் போன அன்று அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீங்க வெஜ்தானே?"

என் கணவர் ரவிக்கு பேகம்பேட்டில் ஆபீஸ். இங்கிருந்து போவது எவ்வளவு சுலபம் என்ற சந்தோஷத்தில் இருந்தார். "ஆமாம் ஆன்ட்டி, சுத்த வெஜ்" என்றார். தூத்துக்குடிக்காரர் வாயிலிருந்து வந்த பதில் அது! நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சிரித்திருப்பேன்.

வீட்டில் சமைக்க மாட்டோம், வேண்டுமானால் வெளியில் சாப்பிட்டுக்கொள்வோம் – இது எங்களுக்குள் ஏற்பாடு. வீடு அவர்களுடையது, கட்டுப்பாடும் அவர்களுடையது. எங்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை... மாமா இறக்கும் வரை.

மாமா என்றால் ரவியின் அப்பா. தூத்துக்குடியில் ஒரு உப்புக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவர், கண்ணாடி முன்னாலேயே சாய்ந்துவிட்டார். காரியங்கள் முடிந்ததும் அத்தையை எங்களோடு ஹைதராபாத்துக்கு அழைத்து வந்துவிட்டோம். ரவி ஒரே பிள்ளை. மாமியாரை அந்தப் பெரிய வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர எனக்கும் மனசில்லை.

வந்த அத்தை சாப்பிடவில்லை.

பட்டினி கிடந்தார் என்று சொல்ல முடியாது. கூப்பிட்டால் வந்து உட்காருவார். சோற்றைப் பிசைவார். ரெண்டு வாய் எடுப்பார். "போதும்ட்டி" என்று எழுந்துவிடுவார். சாம்பார் வைத்தாலும் போதும்ட்டி. வத்தக்குழம்பு வைத்தாலும் போதும்ட்டி. ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். "துக்கம்தானே, போகப் போகச் சரியாயிடும்" என்றார்.

போகப் போக அத்தைதான் பாதியானார்.

ஒருநாள் நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். "என்னதான் வேணும் அத்தை உங்களுக்கு?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க மாமா சாயங்காலம் வரும்போது கையில மீன் இல்லாம வந்ததே கிடையாது பாத்துக்கோ. மீன் வாசம் இல்லாம சோத்துக்கு முன்னால உக்காந்தா, அவுக இன்னும் வீடு வந்து சேரலன்னு தோணுது. வரட்டும், வந்ததும் சேந்து சாப்பிடலாம்னு கை நின்னுருதுட்டி."



ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனோம். மீன் வந்தது – சிவப்பாக, மாவில் புரண்டு, கறிவேப்பிலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு. அத்தை ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தார். "மீனு எங்கட்டி இருக்கு இதுல?" என்று கேட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். அதற்குப் பிறகு வெளியே வர மறுத்துவிட்டார். முழங்கால் வலி வேறு.

யோசனை ரவிக்குத்தான் வந்தது. கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் ஆன்சைட்டில் அமெரிக்காவில் இருந்தபோது, ரூம்மேட்டுகளோடு அவர் உயிர் வாழ்ந்ததே டூனா சாண்ட்விச்சில்தானாம். "டப்பா மீன். ஏற்கெனவே வெந்தது. அடுப்பே பத்த வைக்க வேண்டாம். அடுப்பு இல்லேன்னா வாசனை மாடிக்குப் போகாதுல்ல?"

பேகம்பேட்டில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் டூனா டப்பா கிடைத்தது. கூடவே மயோனைஸ். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது முட்டை போடாத மயோனைஸ், மேலே பச்சைப் புள்ளி! டப்பா மீனுக்கு சைவ மயோனைஸ்... போகட்டும், பாதி சத்தியத்தையாவது காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலைச் சாத்தினேன். ஊதுபத்தி ஏற்றினேன். பிறகுதான் டப்பாவைத் திறந்தேன். மூடியை வைத்து அழுத்தி, உள்ளே இருக்கும் தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும் – இல்லாவிட்டால் பிரெட் சொதசொதவென்று ஆகிவிடும் என்பது ரவியின் உபதேசம். முள் கரண்டியால் மீனை உதிர்த்தேன். வெங்காயம் பொடிப்பொடியாக. அமெரிக்காவில் செலரித் தண்டு போடுவார்களாம். அதற்கு எங்கே போவது? விதை நீக்கிய வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டேன். மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு, மயோனைஸ். கலந்து, பிரெட் நடுவில் பரப்பி, குறுக்கே வெட்டினேன்.

அத்தை அந்த முக்கோணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரெட்டைத் திறந்து மோந்து பார்த்தார்.

"ஏட்டி... இது சூரைல்லா?"

"ஆமா அத்தை. டூனான்னா நம்ம சூரைதான்."

"சூரையப் பிடிச்சா டப்பாக்குள்ள போட்டு வச்சிருக்கானுவ?"

ஒரு கடி கடித்தார். மென்றார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உப்பு பத்தலட்டி."

ஹைதராபாத் வந்த பிறகு சாப்பாட்டில் அவர் சொன்ன முதல் குறை அது! உப்பு டப்பாவை எடுக்கிற சாக்கில் கிச்சனுக்குள் ஓடிவிட்டேன்.

அதன்பின் இது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. மத்தியானம் அத்தைக்கு ஒரு சாண்ட்விச். மிளகுத்தூள் போய்ப் பச்சை மிளகாய் வந்தது. காலி டப்பாவை சோப்புப் போட்டுக் கழுவி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரவியின் லேப்டாப் பையில் வைத்துவிடுவேன். அவர் அதை ஆபீஸ் குப்பைத் தொட்டியில் போடுவார். என்ன செய்வது? மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் குப்பைக் கூடை தெரியும்.

அத்தை தேற ஆரம்பித்தார். இதில் எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அவர் தேறியதில் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் விமலா ஆன்ட்டி.

ஆன்ட்டியின் மகள் கல்யாணமாகி ஆஸ்திரேலியாவில். அங்கிள் பேப்பரோடு மட்டும் பேசுவார். அத்தை வந்த முதல் வாரத்திலிருந்தே தினமும் மத்தியானம் அங்கிள் தூங்கியதும் ஆன்ட்டி கீழே இறங்கி வந்துவிடுவார். "எழுந்திருக்க நக்கோ அக்கா" என்றபடி பக்கத்தில் உட்காருவார். அத்தை மாமாவைப் பற்றிப் பேசுவார். பெண் பார்க்க வந்தது, ரவி பிறந்தது, கடைசி நாள் காலையில் காபியில் சர்க்கரை தூக்கல் என்று மாமா கோபித்துக்கொண்டது. எனக்குச் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னார். ஆன்ட்டி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பார். தினமும் ஒரு கிண்ணம் ரசமும் கொண்டுவருவார்.

"பாத்தியா, என் ரசம் வேலை செய்யுது. அக்கா முகத்துல களை வந்துருச்சு!"

"ஆமா விமலா, ஒன் ரசந்தான்" என்பார் அத்தை, தலையைக் குனிந்துகொண்டு.

போன மாதம் ஒருநாள் ஆன்ட்டி வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டார். கதவு திறந்திருந்தது, வழக்கம்போல் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் எடுக்க கிச்சனுக்குள் போயிருந்தேன்.

"அரே, சாண்ட்விச்சா! சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டில் இன்னொரு முக்கோணம் இருந்தது. ஓரத்தில் வெள்ளரிக்காய்ப் பச்சை எட்டிப் பார்த்தது.

"குக்கும்பரா? என் பொண்ணு இங்க இருந்தப்ப டெய்லி பண்ணுவா. பண்ண ஆள் இல்லாம நான் சாப்பிட்டே எத்தனை நாளாச்சு!"

எடுத்துவிட்டார்.

நான் டம்ளரோடு கிச்சன் வாசலில் நிற்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டும். கெட்டுப்போயிடுச்சு ஆன்ட்டி... காரம் ஆன்ட்டி... எதையாவது! அதற்குள் கை வாயருகே போய்விட்டது.

அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் விமலா. அது மீனு."

ஆன்ட்டி முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. அத்தை சிரிக்கவில்லை. ஆன்ட்டி என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே தெரிந்திருக்கும். கையில் இருந்ததைத் தட்டில் வைத்தார் – போடவில்லை, மெதுவாக வைத்தார். எழுந்தார். மாடிப்படி ஏறினார். மேலே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"வேற ஏதாவது சொல்லியிருக்கலாமே அத்தை" என்றேன், என்னால் முடியாததை.

"கை வாய்க்குப் போயிட்டுட்டி. பொய் யோசிக்க எங்க நேரம்?" தட்டை நகர்த்தியபடி, "பொறந்ததுலருந்து கவிச்சி தொட்டதில்லன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கா. எம் வீட்டுல வந்தா அது போகணும்?" என்றார்.

சாயங்காலம் ரவி வந்ததும் அங்கிள் கீழே வந்தார். சத்தம் போடவில்லை. இங்கிலீஷில், ரொம்ப மரியாதையாக, வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ரவி மன்னிப்புக் கேட்டார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதன்பின் ஆன்ட்டி இறங்கி வரவில்லை. அத்தை மட்டும் மத்தியானமானால் வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, படிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் சாண்ட்விச் செய்து கொண்டுபோனால், "அத உள்ள வையிட்டி" என்பார்.

வீடு மாறுகிற அன்று, சாமான் வண்டியில் ஏறிக்கொண்டிருக்கும்போது அத்தையைக் காணவில்லை. பார்த்தால், வலிக்கிற முழங்காலோடு ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறார். பின்னாலேயே ஓடினேன். ஆன்ட்டி கதவைப் பாதி திறந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"போய்ட்டு வாரோம் விமலா."

"ஹவ்."

"இவள ஒண்ணும் நெனைக்காத. எனக்காகத்தான் பண்ணுனா. தின்னது நான்."

ஆன்ட்டியின் கண்கள் நிறைந்துவிட்டன. "கைக்கு சொன்னீங்க அக்கா? நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே..."

உள்ளே அங்கிள் செருமினார். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அது நன்றியா? குற்றச்சாட்டா? தெரிந்திருக்காவிட்டால் இன்னும் தினமும் வந்துகொண்டிருப்பேனே என்ற ஆதங்கமா? ஆட்டோவில் அத்தையிடம் கேட்டேன். "அவளும் பேச ஆளில்லாமத்தான இருக்கா" என்று மட்டும் சொன்னார்.

புது வீடு அபார்ட்மென்டில், மூன்றாவது மாடி. ஓனர் அமெரிக்காவில். எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் நாளே வஞ்சிரம் வாங்கி, ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு வறுத்தேன். அத்தை எனக்காக ஒரு துண்டு சாப்பிட்டார். "நல்லாருக்குட்டி" என்றார். உப்பு பத்தவில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

மத்தியானம் வாசல் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். எதிர் ஃபிளாட்டில் சாஃப்ட்வேர் பையன்கள். காலையில் பூட்டினால் இருட்டிய பிறகுதான் திறப்பார்கள். அத்தை அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் பார்த்துவிட்டு, "ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லுட்டி" என்றார்.

"அங்க மட்டும் யார் இருக்காங்க அத்தை?"

"அவுக போனது அங்க தெருவுக்கே தெரியும். யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். இங்கன்னா இனிமே முதல்லருந்துல்லா சொல்லணும்... தெம்பு இல்லட்டி."

நேற்று ரவி அவரை ரயிலில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான் மட்டும் வீட்டில். எதிர் ஃபிளாட் பூட்டியிருக்கிறது.

இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைத்துவிடுகிறது. பக்கத்து வீடுதான் கிடைப்பதில்லை.